காங் லாவுக்குக் கீழே ஓரிரவு

பேராதனையில் மாணவனாயிருந்த காலத்தில் பீற்றர் மத்தீசனின் ‘பனிச்சிறுத்தை’ என்னும் ஆங்கில நூலை வாசித்தேன். 1973 ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், விலங்கியலறிஞர் ஜோர்ஜ் ஷாலருடன் நேபாளத்தின் வடமேற்கிலுள்ள டோல்போ என்னும் உயர்நிலத்துக்கு அவர் கால்நடையாகச் சென்ற கதை அது. 1978 இல் வெளிவந்தது. ஷாலர் நீல ஆடுகளின் இயல்பை ஆராயச் சென்றார். மத்தீசனோ மனைவியை இழந்த துயரத்தையும் பனிச்சிறுத்தையைக் காணும் ஆசையையும் சுமந்து சென்றார். சிறுத்தையைக் காணாமலே திரும்பினார். புவியியல் மாணவனாகிய என்னை ஈர்த்தவை சிறுத்தையும் அல்ல, துயரமும் அல்ல. நூலின் தேசப்படத்திற் கண்ட போக்சுண்டோ ஏரி, காங் லா கணவாய், ஷே மடாலயம் ஆகிய மூன்று பெயர்களே என் மனத்திற் பதிந்தன. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவ்விடங்களைப் பற்றி மாணவருக்கு விரிவுரை நிகழ்த்திய பின்னரே அவற்றை நேரிற் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. 2018 ஆம் ஆண்டு செப்டெம்பரில், பழைய பல்கலைக்கழக நண்பர் மூவருடன் புறப்பட்டேன். எங்களுள் இளையவருக்கு ஐம்பத்திரண்டு வயது.

டோல்போவைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். தௌலகிரி மலைத்தொடர் தெற்கே மதில்போல் நிற்பதால் பருவ மழையின் பெரும்பகுதி அப்பாலேயே பெய்து தீர்ந்துவிடுகின்றது. வடக்கே கிடப்பது மழை ஒதுக்குப் பிரதேசம். மரமற்ற மஞ்சள் நிறச் சரிவுகளும், ஆற்றோரங்களில் மட்டும் பார்லி விளையும் சிறு வயல்களும், திபெத்திய மொழி பேசும் மக்களும் அதன் அடையாளங்கள். பாறைகள் பலவும் தெதிசுக் கடலின் அடியிற் படிந்தவை. ஒருகாலத்தில் இம்மக்கள் தம் பார்லியைத் திபெத்துக்குக் கொண்டுசென்று உப்பாக மாற்றி, அவ்வுப்பைத் தெற்கே கொண்டுசென்று தானியமாக மாற்றி வாழ்ந்தனர். 1959 இன் பின் எல்லையில் ஏற்பட்ட கட்டுப்பாடுகளும் மலிவான இந்திய உப்பின் வருகையும் அவ்வணிகத்தைத் தேயச் செய்தன. இப்பிரதேசத்தின் பெரும்பகுதி 1984 முதல் ஷே போக்சுண்டோ தேசியப் பூங்காவினுள் அடங்கியுள்ளது. வெளிநாட்டார் தனியே செல்ல முடியாது. வழிகாட்டியும் அனுமதிப்பத்திரமும் வேண்டும். நாங்கள் சென்ற ஆண்டில் மேல் டோல்போவுக்கு முதற் பத்து நாளுக்கு ஆளொருவருக்கு 500 அமெரிக்க டொலர் அறவிட்டார்கள். இத்தொகையை நினைவில் வைத்திருக்குமாறு வாசகரை வேண்டுகின்றேன். பின்னர் நடந்தவற்றில் அதற்கும் பங்குண்டு.

நேபாள்கஞ்சிலிருந்து சிறு விமானம் எங்களை ஜுபாலில் இறக்கியது. எங்கள் நாட்டின் மிகவுயர்ந்த சிகரமாகிய பிதுருதலாகலையின் உயரம் 2,524 மீற்றர். ஜுபால் விமானத் தளம் அதற்கு ஏறத்தாழ ஐம்பது மீற்றரே குறைந்தது. நாங்கள் ‘மலை’ என்று சொல்லி வளர்ந்தது முடியுமிடத்தில் இவர்களுடைய மலை தொடங்குகின்றது.

எங்களுக்கு முன்பே எங்கள் பரிவாரம் அங்கே காத்திருந்தது. வழிகாட்டி, சமையற்காரர், அவருடைய உதவியாளர் இருவர், ஒன்பது கோவேறு கழுதைகள், அவற்றை ஓட்டுபவர், சுமையாட்கள் இருவர். நால்வர் இருபத்திரண்டு நாள் நடப்பதற்கு இத்தனை பேர். கூடாரங்களும் அரிசி மூடைகளும் கழுதைகளின் முதுகில் ஏறின. கழுதைகள் நெருக்குண்டால் உடையக்கூடிய முட்டை, சிந்தக்கூடிய மண்ணெண்ணெய், விளக்குகள் ஆகியவற்றை மனிதர் சுமந்தனர். மூங்கிற் கூடையை முதுகில் ஏற்றி, அதன் கயிற்றோடு இணைந்த பட்டையை நெற்றியிற் பொருத்தி, கழுத்தின் வலிமையாலேயே சுமையைத் தாங்குவது அவர்களது முறை. நாம்லோ என்பது அப்பட்டையின் பெயர். பதுளைக்குச் செல்லும் புகையிரதத்தின் யன்னலூடாகக் கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிய பெண்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது புதிய காட்சியன்று. புதிதாக இல்லாமையினாலேயே அதனை நான் கவனிக்கவும் இல்லை.

முதல் ஐந்து நாட்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சுலிகாட் ஆற்றின் ஓரமாகத் தேவதாரு நிழலில் நடந்தோம். விடியலில் உதவியாளர் கூடாரத்தின் வாயிலில் தேநீர்க் கோப்பையை நீட்டுவார். நாங்கள் முகங் கழுவி முடிப்பதற்குள் கூடாரம் சுருட்டப்பட்டிருக்கும். மாலையில் அடுத்த தங்குமிடத்தை நாங்கள் அடையும்போது அதே கூடாரம் அங்கே நின்றுகொண்டிருக்கும். இடையில் அது எப்படி வந்ததென்று எண்ணுவதற்கு எங்களுக்குக் களைப்பு இடந்தரவில்லை. வழிகாட்டியை நாங்கள் தாஜு என்றழைத்தோம். நேபாளியில் அண்ணன் என்று பொருள். சுமையாட்கள் எங்களை ‘சேர்’ என்றழைத்தார்கள். அவர்களை நாங்கள் அழைக்கவேண்டிய தேவை எழவில்லை.

போக்சுண்டோ ஏரியைப் பற்றி மட்டும் எத்தனை பக்கமும் எழுதலாம். ஏறக்குறைய 3,600 மீற்றர் உயரத்தில், 145 மீற்றர் ஆழத்தில், பழங்காலத்து மண்சரிவொன்று ஆற்றை மறித்ததால் உருவான ஏரி அது. ஓர் அரக்கியின் சினத்தால் ஒரு கிராமம் நீரில் மூழ்கியதென்று அவ்வூரார் கூறுவர். புவியியலாளரும் ஊராரும் ஒரே பேரழிவைத்தான் இருவேறு மொழியிற் கூறுகின்றனர் போலும். அதன் நிறத்தைச் சொல்ல நான் மூன்று தடவை குறிப்பேட்டில் எழுதி மூன்று தடவையும் வெட்டியிருக்கின்றேன். நீலம் என்றால் போதாது; பச்சை என்றால் பொய். மேற்குக் கரையில் செங்குத்தான பாறையைக் குடைந்தும், குடைய முடியாத இடத்திற் கட்டைகளை அடுக்கியும் அமைத்த பாதையில் நடக்கையில், அந்நிறம் காலுக்கு நேர்கீழே கிடந்தது. எரிக் வல்லி என்னும் பிரெஞ்சுக்காரர் 1999 இல் வெளிவந்த தம் திரைப்படத்தில் இப்பாதையைக் காட்டியுள்ளார். திரையிற் பார்த்தபோது இருந்த துணிவு நேரில் இருக்கவில்லை.

ஏரிக்கு அப்பால் உயரம் தன் வேலையைத் தொடங்கியது. காங் லா 5,300 மீற்றருக்கு மேற்பட்டது. அங்கே வளியமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதன் ஏறத்தாழப் பாதி. மூச்சொன்றில் உள்ளே செல்லும் ஒட்சிசனும் அவ்வாறே பாதியாகும். உடல் இதற்குப் பழக நாட்கள் வேண்டும். ஆதலால் 3,000 மீற்றருக்கு மேலே, உறங்கும் இடத்தை நாளொன்றுக்கு 500 மீற்றருக்கு மேல் உயர்த்தலாகாது என்பது மலைமருத்துவர் வகுத்த விதி. மீறினால் தலைவலியும் குமட்டலும் வரும். அதையும் மீறினால் மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோக்கும். அந்நிலையில் உண்மையான மருந்து ஒன்றுதான்: கீழிறங்குதல். இவற்றையெல்லாம் நாங்கள் வாசித்துத் தெரிந்திருந்தோம். எங்களிடம் டயமொக்ஸ் இருந்தது. டெக்ஸாமெதசோன் இருந்தது. விரலிற் பொருத்தினால் குருதியிலுள்ள ஒட்சிசன் வீதத்தைக் காட்டும் சிறு கருவியும் இருந்தது. ஒவ்வொரு மாலையும் தாஜு எங்கள் நால்வரின் விரலிலும் அதனை மாட்டி எண்ணைக் குறித்துக்கொள்வார். தலைவலிக்கின்றதா, பசிக்கின்றதா, உறங்கினீர்களா என்று கேட்பார். எண்பத்து மூன்றா எண்பத்தைந்தா என்று நண்பர்களுக்குள் ஒரு போட்டியே நடந்தது, பரீட்சைப் புள்ளிகளை ஒப்பிடும் மாணவரைப் போல.

சுமையாட்களின் விரலில் எவரும் அதனை மாட்டவில்லை. மலைநாட்டார் ஆயிற்றே என்று நாங்கள் நினைத்தோம். இது பெருந்தவறு. சுமை தூக்க வருபவருட் பலர் ஆயிரத்தைந்நூறு மீற்றர் உயரத்து நெல்வயற் கிராமங்களிலிருந்து வருபவர்கள். ஐயாயிரம் மீற்றர் அவர்களுக்கும் அந்நியமே. எங்கள் சுமையாட்களில் இளையவருக்கு இருபது வயது இருக்கலாம். டோல்போவுக்கு அதுவே அவருடைய முதல் வரவு என்பதைப் பின்னரே அறிந்தேன்.

கணவாய்க்குக் கீழேயுள்ள கடைசித் தங்குமிடத்துக்கு வந்த மாலை, அவர் எல்லோருக்கும் பின்னே வந்து சேர்ந்தார். சமையற் கூடாரத்தின் ஓரத்தில் அமர்ந்து, பருப்பும் சோறும் நிறைந்த தட்டை மடியில் வைத்துக்கொண்டு உண்ணாமலிருந்தார். நாம்லோப் பட்டையைத் துணிபோல் தலையில் இறுகக் கட்டியிருந்தார். நான் என் தலையைத் தொட்டுக் காட்டி, வலிக்கின்றதா என்று சைகையாற் கேட்டேன். சிரித்து, “டீக் ச, சேர்” என்றார். சுகம் என்று பொருள். என் குறிப்பேடு இப்போதும் என்னிடம் உண்டு. அன்றைய பக்கத்தில், “இளைய சுமையாள் உண்ணவில்லை. களைப்பாயிருக்கலாம். நாளை காங் லா!” என்று எழுதியிருக்கின்றேன். அந்த வியப்புக் குறியைப் பார்க்கும்போது இன்றும் கூசுகின்றது.

தாஜுவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஒரு நாள் தாமதமாகும். அனுமதிப்பத்திரத்தின் பத்து நாள் ஓடிக்கொண்டிருந்தது. வடக்கே மேகம் திரளத் தொடங்கியிருந்தது. இவையெல்லாம் அப்பொழுது என் மனத்தில் தெளிவாக ஓடினவென்று கூறமாட்டேன். அவருடைய விடையை நம்ப விரும்பினேன், நம்பினேன்.

நள்ளிரவிற் கூச்சல் கேட்டு எழுந்தோம். அவர் பனியில், காலணியின்றி, கூடாரங்களுக்கிடையே தள்ளாடி நடந்துகொண்டிருந்தார். தன்னோடு உறங்கியவரைக்கூட அவருக்குத் தெரியவில்லை. நேர்கோட்டில் குதிகாலையும் விரல்நுனியையும் ஒட்டவைத்து நடக்கும்படி தாஜு சொன்னார். இரண்டாவது அடியில் விழுந்தார். அப்போதுதான் அக்கருவி அவருடைய விரலில் ஏறியது. அறுபதுக்குக் கீழே காட்டியது. குளிர்ந்த விரலாயிருக்கும் என்று ஒரு நண்பர் சொன்னார். தாஜு அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவ்வாதம் முடிந்தது.

எங்கள் மருந்துப் பெட்டியிலிருந்து டெக்ஸாமெதசோன் கொடுத்தோம். செய்மதித் தொலைபேசி இருந்தது. ஆனால் இரவில் அம்மலைகளில் ஹெலிக்கொப்டர் வராது. காலைவரை காத்திருக்கலாகாது என்றார் தாஜு. சமையலுதவியாளர் ஒருவரும் மூத்த சுமையாளும் அவரைக் கழுதையில் ஏற்றிப் பிடித்துக்கொண்டு ஏரிமுனைவரை உடனே இறங்குவதென்று முடிவாயிற்று. வழிகாட்டி எங்களை விட்டுச் செல்ல விதி இடந்தரவில்லை.

அவர்கள் கழுதைக்குச் சேணம் கட்டிக்கொண்டிருந்தபோது, “நானும் கூடப் போகட்டுமா?” என்று கேட்டேன். கேட்டது உண்மை. ஆனால் வேண்டாம் என்ற விடையை எதிர்பார்த்தே கேட்டேன் என்பதும் உண்மை. “சேர், நீங்கள் போனால் அவர்களுக்கு இரண்டு நோயாளிகள்” என்றார் தாஜு. அவர் கூறியது சரியே. இருட்டில் அப்பாதையில் நான் அவர்களுடைய வேகத்தைக் குறைத்திருப்பேன். எனினும் அவ்விடையைக் கேட்டதும் என் நெஞ்சில் எழுந்தது ஏமாற்றமன்று, ஆறுதல். கைவிளக்குகள் இரண்டும் சரிவில் இறங்கி மறையும்வரை நின்றுவிட்டுக் கூடாரத்தினுட் புகுந்தேன்.

மறுநாள் காங் லாவைக் கடந்தோம். முப்பது ஆண்டுக் கனவு, கொடித்துணிகள் படபடத்தன, படமெடுத்துக்கொண்டோம். அப்படத்தில் நால்வரும் சிரிக்கின்றோம். ஷே மடாலயத்தில் இரண்டு நாள் தங்கினோம். சிவப்புச் சுவரும், பின்னே பளிங்குமலையும், சரிவில் மேயும் நீல ஆடுகளும் நூலிற் கண்டவாறே இருந்தன. பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை, கடல்நாக ஆண்டில், அங்கே பெருவிழா நடக்கும். 2012 இல் நடந்ததென்றும் அடுத்தது 2024 என்றும் சொன்னார்கள். கேட்டுக் குறித்துக்கொண்டேன். என் காது தாஜுவின் தொலைபேசியிலேயே இருந்தது. காத்மாண்டு அலுவலகத்துக்குச் செய்தி எதுவும் கிட்டியிருக்கவில்லை. சல்தாங் நோக்கி நடக்கையில் நாங்கள் நால்வரும் பேசுவதைக் குறைத்துக்கொண்டோம். எவரும் எவரையும் குற்றஞ்சாட்டவில்லை. சாட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

நான்காம் நாள் மாலை தொலைபேசி பேசிமுடித்துத் தாஜு எங்கள் கூடாரத்துக்கு வந்தார். ஏரிமுனையை அடைந்தபோதே பேச்சுத் தெளிந்துவிட்டதாம். இப்போது துனையில் இருக்கிறாராம். அன்றிரவு நன்றாக உண்டேன். அதற்காகவும் வெட்கப்பட்டேன்.

சல்தாங், ஜெங் லா, தாரப் பள்ளத்தாக்கு ஆகியவற்றைப் பற்றி வேறொரு கட்டுரையில் எழுத வேண்டும். பத்து நாட்களின் பின் துனையை அடைந்தோம். தேநீர்க்கடை வாசலில் அவர் புதிய தொப்பியுடன் அமர்ந்திருந்தார். எழுந்து கும்பிட்டார். அவருடைய பெயரை அப்போதுதான் தாஜுவின் சம்பளப் பட்டியலில் வாசித்தேன். பெயர் சொல்லி நலம் விசாரித்தேன். அவர் தாஜுவிடம் நேபாளியில் ஏதோ கேட்டார். என்ன கேட்கின்றார் என்றேன். தாஜு சற்றுத் தயங்கினார்.

“கீழே இறங்கிய பிறகு வந்த நாட்களுக்கும் கூலி உண்டா என்று கேட்கிறான். தலைவலியைச் சொன்னால் அன்றே திருப்பி அனுப்பிவிடுவார்கள், கூலி போய்விடும் என்று பயந்துதான் சொல்லவில்லையாம்.”

சுமை தூக்கிய நாளுக்கே கூலி என்பது அலுவலகத்தின் வழக்கமாம். அந்நாட்களின் கூலியை நாங்கள் நால்வரும் பகிர்ந்து கொடுத்தோம். கணக்கிட்டபோது, நான் அனுமதிப்பத்திரத்துக்குக் கொடுத்த தொகையில் ஒரு பகுதிகூட இல்லை. அவர் நோட்டுகளை இருமுறை எண்ணி, நன்றி கூறி, சட்டையின் உட்பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாட் காலை ஜுபாலுக்கு ஏறவேண்டும்; மூன்று மணி நேர நடை. அவர் கூடையை முதுகிலேற்றிப் பட்டையை நெற்றியிற் பொருத்திக்கொண்டிருந்தார். வேண்டாம், கழுதையில் ஏற்றலாம் என்றேன். இன்று சுமந்தால் இன்றைய நாளும் கணக்கில் வரும் என்று தாஜு சொன்னார். கூடையிலிருந்து மண்ணெண்ணெய்க் கொள்கலனை மட்டும் எடுத்துக் கழுதையிற் கட்டச் செய்தேன். விமானத் தளம்வரை அவருக்குப் பின்னாலேயே நடந்தேன். அவர் இருமுறை நின்று, வழிவிட்டு, என்னை முன்னே போகும்படி சைகை காட்டினார். நான் போகவில்லை.