கற்பிட்டிக் கரையில் ஒரு விருந்து

மத்தியதரைக் கடலோரத்து உல்லாசபுரிகளைக் காட்டி, கற்பிட்டியும் ஒருநாள் அவ்வாறு பொலியும் என்று பேசுவோர் நம்மிடையே பெருகிவிட்டனர். அவர்களது ஆசை பொருந்தாத ஆசையன்று. பிரான்சின் சென் திரோப்பேகூட, 1956இல் வெளிவந்த திரைப்படமொன்று அதனை உலகறியச் செய்யும்வரை, ஓவியர் சிலர் நாடிச் சென்ற மீன்பிடித்துறையாகவே இருந்தது. ஆனால், வலை உலர்த்திய மணலில் பின்னர் யாருக்கு இடம் கிடைத்தது என்பதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை.

எங்கள் கரைக்கு விருந்தினர் வருவது புதிதன்று. தாஞ்சியரில் பிறந்த பயணி இபின் பதூதா 1344இல் கண்ட ‘பத்தாலா’ என்ற பட்டினம் புத்தளமே என்பது அறிஞர் பலரின் துணிபு. ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்று முத்துக்களைக் காட்டினான். பாவாதமலைக்குச் செல்லப் பல்லக்கும் துணையாட்களும் தந்தான். வெள்ளம் அடித்துவந்த கறுவாக் கட்டைகள் கரையில் குவிந்து கிடந்தன என்று அவர் எழுதினார். ஒல்லாந்தரோ விருந்தினராக வரவில்லை. 1667இல் தொடங்கி 1676இல் அவர்கள் கட்டிமுடித்த கோட்டை, களப்பின் வாயிலில் நின்று கண்டி அரசின் கடல் வாணிகத்தை நெரித்தது.

இன்று இங்கு வருவோரைக் கொணர்வது காற்று. மே மாதமளவில் சோளகம் எழுகிறது. வெளிக்கடலில் படகிறக்க எம்மவர் அஞ்சும் அம்மாதங்களில்தான், ஐரோப்பிய இளைஞர்கள் பெரும் பட்டங்களைப் பற்றிக்கொண்டு களப்பின்மீது பறக்கிறார்கள். காற்றுத் தணிந்தபின், நவம்பர் முதல் ஏப்ரல்வரை, ஓங்கில் கூட்டங்களையும் திமிங்கிலங்களையும் காணப் படகுகள் செல்கின்றன. மீனவர் சிலரே அவற்றை ஓட்டுகின்றனர். அந்த வருவாயை நான் இழித்துப் பேசமாட்டேன். என் வகுப்புப் பிள்ளைகள் சிலரின் கொப்பிகளும் சப்பாத்துகளும் அதிலிருந்தே வருகின்றன.

பேராதனையில் என்னுடன் தமிழ் பயின்ற நண்பரொருவர் சென்ற ஆண்டு கொழும்பிலிருந்து வந்தார். ஓங்கில்களைக் கண்டு மகிழ்ந்த அவர், அன்றிரவு கடலோர விடுதியொன்றில் எனக்கு விருந்தளித்தார். நண்டு, கணவாய், அறக்குளா எல்லாம் வெண்ணிறத் தட்டுகளில் வந்தன. சுவைக்குக் குறைவில்லை. பரிமாறிய இளைஞன் என் பழைய மாணவன்.

“இந்த நண்டு வாப்பாட வலையில பட்டது, சேர்” என்றான் தாழ்ந்த குரலில். அதில் பெருமையும் இருந்தது.

வாப்பா நலமா என்று கேட்டேன். விடுதி வேலி எழுந்தபின் கடலுக்குச் செல்லும் பழைய ஒழுங்கை அடைபட்டுவிட்டதாம். வலையைச் சைக்கிளில் ஏற்றி, சுற்றுப்பாதையால் போய்வருகிறாராம். அவரது மீன் மட்டும் சமையற்கட்டுப் பக்கத்து வாயிலால் நேரே உள்ளே வந்துவிடுகிறது.

கரைவலைக்காரருக்குக் கடல் மட்டும் போதாது. வலையை வளைத்து இழுக்கும் கரைப்பகுதியும் வேண்டும். அதனையே அவர்கள் ‘பாடு’ என்பர். தெற்கே உடப்பில் அம்பாப் பாடல் பாடி வலையிழுக்கும் கூட்டம் கயிற்றோடு பின்னோக்கி நடப்பதைப் பார்த்தவர்க்கு, எவ்வளவு மணல் வேண்டுமென்பது விளங்கும். விடுதி விளம்பரத்திலோ அம்மணல் ‘மனிதர் கால் படாத கரை’ ஆகிறது! அக்கரையில் வாடி அமைத்துக் கருவாடு உலர்த்தியவர்கள் மனிதரல்லரோ?

கற்பிட்டிக்கென அரசு வகுத்த ஒருங்கிணைந்த உல்லாச விடுதித் திட்டத்தில் 14 தீவுகள் இடம்பெற்றன. நிலமும் துறையும் பறிபோகுமென மீனவர் அமைப்புகள் அதனை எதிர்த்தன. அவர்கள் விருந்தினரை வெறுப்பவரல்லர்; கடலுக்குப் போகும் வழியையே கேட்டனர்.

நண்பர் பணம் செலுத்தினார். அந்த நண்டுக்கு வாப்பாவிற்கு என்ன கிடைத்ததென்று இளைஞனிடம் கேட்டார். அவன் சொன்ன தொகை, எங்கள் மேசையிலிருந்த இரண்டு குளிர்பானங்களின் விலையை எட்டவில்லை. ஒழுங்கை பற்றி யாரிடமாவது முறையிட்டார்களா என்றேன். பிரதேச செயலகத்துக்கு மனுக் கொடுத்திருப்பதாகச் சொன்னான். மனுவை எழுதியவன் அவனே. விடுதிக்காரருக்கு அது இன்னும் தெரியாதாம்.