சிவப்பு ஆற்றில் சில்லறை வியாபாரம்

ஸ்பெயின் போகிறவர்கள் காளைச் சண்டை பார்ப்பார்கள். நான் போய்ப் பார்த்தது, ஒயின் நிறத்தில் ஓடும் ஒரு ஆறு. பெயர் ரியோ டின்டோ. நீளம் சுமார் 100 கிலோமீட்டர்.

செவில்லில் வேலை பார்க்கும் நண்பன் காரில் அழைத்துப் போனான். சுரங்க ஊரிலிருந்து ஒரு பழைய ரயில், ஆற்றை ஒட்டியே ஓடுகிறது. இறங்கி, தண்ணீரில் கை வைக்கக் குனிந்தேன்.

"டேய், பார்த்து! எலுமிச்சைச் சாறு மாதிரி ஆசிட். சட்டைல பட்டா கறை போகாது!"

மீன் கிடையாது. ஆனால் கோடிக்கணக்கில் பாக்டீரியா உண்டு. அவற்றின் சாப்பாடு, இரும்பு! ஃபெர்ரஸ் இரும்பிலிருந்து ஒரு எலெக்ட்ரானைப் பிடுங்கி ஃபெர்ரிக் ஆக்குகின்றன. அதில் கிடைக்கும் சக்தி சொற்பம். அதனால் மலையளவு இரும்பை மாற்றினால்தான் வயிறு நிறையும். லாபம் கம்மி, விற்பனை ஜாஸ்தி. பி.காம். படித்த எனக்கு சட்டென்று புரிந்தது.

அதைவிட சாமர்த்தியம் ஒன்று. அந்த ஃபெர்ரிக் இரும்பு, பைரைட் பாறையை அரிக்கிறது. அதிலிருந்து ஆசிட்டும், புது ஃபெர்ரஸும் வருகின்றன. அதாவது, போட்ட முதல் வட்டியோடு திரும்பக் கடைக்கே வந்துவிடுகிறது! மனிதன் வருமுன்பே இங்கே இந்தக் கடை நடந்திருக்கிறது. ஆற்றங்கரையின் பழைய இரும்புப் படிவுகளே சாட்சி. அப்புறம் 5,000 வருஷம் மனிதன் தோண்டித் தோண்டி, கடையைப் பெரிதாக்கிக் கொடுத்தான்.

1873-ல் ஸ்பெயின் அரசு சுரங்கத்தை பிரிட்டிஷ்காரர்களுக்கு விற்றது. தாமிரத்தைப் பிரிக்க, தாதுவைத் திறந்தவெளியில் குவித்து மாதக்கணக்கில் எரித்தார்கள். கந்தகப் புகையில் பயிர்கள் கருகின. 1888 பிப்ரவரி 4. விவசாயிகளும் தொழிலாளிகளும், பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊர்ச் சதுக்கத்தில் கூடி, "புகை வேண்டாம்" என்றார்கள். பட்டாளம் சுட்டது. அரசுக் கணக்கில் செத்தவர்கள் 13 பேர். நூற்றுக்கு மேல் என்பது ஜனங்களின் கணக்கு.

இந்த இரும்புத்தின்னியை விஞ்ஞானிகள் அடையாளம் கண்டது 1947-ல்தான், அமெரிக்க நிலக்கரிச் சுரங்கத் தண்ணீரில். இன்று பல நாடுகளில் தாமிரம் பிரிக்க இதே இனத்தை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். நெருப்பில்லை, புகையில்லை. காலடியிலேயே இருந்த வேலைக்காரனை அன்று யாருக்கும் தெரியவில்லை.

திரும்பும்போது பார்த்தால் சட்டைக் கையில் துருக்கறை. அதைச் செலவில் எழுதிவிடலாம். அந்த 13-க்கும் நூற்றுக்கும் நடுவில் விட்டுப்போனவர்களை எந்தப் பக்கம் எழுதுவது? காலேஜில் சொல்லித் தரவில்லை, ஸார்.