பூச்சுக்குக் கீழே

"ஆசிரியர்களுக்கு எதற்கு ஸ்போர்ட்ஸ் கார்?"

இக்கேள்வியைக் கேட்காதவர் குறைவு. கேட்பவர் குரலில் வியப்பு பாதி, வெறுப்பு பாதி. சீமான் ஓட்டினால் அது அந்தஸ்து. நடிகர் ஓட்டினால் அது அழகு. சுண்ணக்கட்டி பிடிக்கும் கை அதன் ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் அது ஆடம்பரமாம்! இன்பத்தைக்கூடப் படிக்கட்டு வைத்துப் பங்கிட்டுப் பழகிய உலகம் அப்படித்தான் கேட்கும். கேட்கட்டும். பதில் எங்களிடம் இருக்கிறது.

நாங்கள் என்றால் இருவர். இங்கிலாந்து நாட்டில், லண்டனை அடுத்த ஓர் ஊரில், ஒரே பள்ளியில் பணி. ஒருவர் வரலாறு கற்பிப்பவர். மற்றவர் இயற்பியல் கற்பிப்பவர். இருவருக்கும் வயது முப்பதை எட்டவில்லை. ஆளுக்கு 1,100 பவுண்டு போட்டு, 2003ஆம் ஆண்டில் செய்யப்பட்ட பழைய மாஸ்டா எம்.எக்ஸ்-5 கார் ஒன்றை வாங்கினோம். இருவர் மட்டுமே அமரலாம். கூரையை மடித்துப் பின்னே தள்ளினால் வானமே கூரை. 1,839 கன சென்டிமீட்டர் என்ஜின். எடை ஏறக்குறைய ஒரு டன். புதிய கார் ஒன்றின் விலைக்குப் பக்கத்தில்கூட வராத தொகை இது. சீமான்களின் வண்டியன்று, சேமித்தவர்களின் வண்டி.

அந்த வண்டியின் வரலாறும் சுவையானது. மூடாக் கூரையும் ஈரிருக்கையும் கொண்ட சிறிய கார்களுக்குப் பேர்போன நாடு இங்கிலாந்து. எம்.ஜி. கார்கள் பிறந்த ஆபிங்டன் தொழிற்சாலை 1980இல் கதவடைத்தது. "இத்தகைய கார்களின் காலம் முடிந்தது" என்றனர் பலர். முடியவில்லை என்று எண்ணியவர் பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர். 1979இலேயே மாஸ்டா நிறுவனத்தின் கெனிச்சி யமமோட்டோவிடம், "எளிய விலையில் அப்படி ஒரு காரை நீங்கள் செய்யுங்கள்" என்று சொன்னவர் அவர். பத்தாண்டு கழித்து, 1989இல், சிகாகோ கண்காட்சியில் அந்தக் கார் உலகின் கண்முன் நின்றது. 2016இல் பத்து இலட்சமாவது வண்டி தொழிற்சாலையை விட்டு வெளிவந்தது.

அந்தத் தொழிற்சாலை எங்கே இருக்கிறது? ஹிரோஷிமாவில்! 1945 ஆகஸ்டு 6ஆம் நாள் அணுகுண்டு விழுந்த அதே ஹிரோஷிமாவில். நகரம் சாம்பலாயிற்று, தொழிற்சாலை முற்றிலும் அழியாமல் தப்பியது. எந்தத் தெய்வம் காத்தது? எந்த மந்திரம் தடுத்தது? குண்டு விழுந்த இடத்துக்கும் தொழிற்சாலைக்கும் இடையே ஹிஜியாமா என்றொரு குன்று நின்றது. அவ்வளவுதான். குன்று மறைத்தது, கூரை பிழைத்தது. அதன்பின் அங்கே மூன்று சக்கர வண்டிகளை மீண்டும் செய்யத் தொடங்கியவை மனிதக் கைகள். எங்கள் வண்டியைத் தொடும்போதெல்லாம் அக்கைகளை நினைக்கிறோம்.

வண்டி வாங்கிய செய்தி தஞ்சைக்குப் போயிற்று. எங்களில் ஒருவரின் தாயார் தொலைபேசியில் முதலில் கேட்டது விலையை அன்று. "எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கினியாப்பா? முன்னாலே ஒண்ணு கட்டித் தொங்கவிடு. ஊர்க் கண்ணு பொல்லாதது" என்றார்.

நகைக்கலாம், நாங்கள் நகைக்கவில்லை. ஆயிரம் காதங்களுக்கு அப்பால் மகன் வேகமாகச் செல்லும் வண்டியில் ஏறுகிறான் என்னும் தாயின் அச்சம் பொய்யன்று. அச்சத்துக்கு அவர் கையில் கொடுக்கப்பட்ட மருந்துதான் பொய். ஆகவே அவருக்கு வேறு மருந்தை விளக்கினோம்.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 என்னும் தரத்தில் செய்த புதிய எண்ணெய், 230 பாகை வரை கொதிக்காது. ஈரம் ஏற ஏற அந்த எல்லை இறங்கும். 155 பாகைக்கே வந்துவிடவும் கூடும். நெடிய சரிவில் பிரேக்கை மிதித்து மிதித்து இறங்கும்போது சூடு மிகுந்தால், அந்த எண்ணெய் கொதிக்கும். கொதித்தால் குமிழி தோன்றும். மிதித்தால் குமிழிதான் நசுங்கும், சக்கரம் நிற்காது. எனவே இரண்டாண்டுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றவேண்டும். எலுமிச்சைச் சாறு அந்தக் கொதிநிலையை ஒரு பாகைகூட உயர்த்தாது.

தாயார் பொறுமையாகக் கேட்டார். "சரிப்பா" என்றார். எலுமிச்சம்பழத்தை அவர் மறந்துவிட்டார் என்று சொல்லமாட்டோம். ஆனால் இன்று அவர் தொலைபேசியில் தவறாமல் கேட்கும் கேள்வி இது: "பிரேக் எண்ணெய் மாத்திட்டீங்களா? டயர் எந்த வருஷத்துது?" ஆம், டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் இருப்பதையும் அவர் அறிவார். 1412 என்றிருந்தால் அது 2012ஆம் ஆண்டின் 14ஆம் வாரத்தில் பிறந்தது. ஜாதகம் பார்ப்பதென்றால் இப்படிப்பட்ட ஜாதகத்தைப் பார்க்கவேண்டும். இது பொய் சொல்லாது.

பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பேணுவது பூசை செய்வதன்று, காரணம் தேடுவது. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு மணி நேரம் அதற்கென ஒதுக்கினோம். ஜாக்கி வைத்துத் தூக்கி, தாங்கிகளின்மேல் நிறுத்தி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பின்சக்கரப் பிரேக்கில் நழுவியாடும் ஊசிகள் இறுகிப் போவது இவ்வகைக் காரின் நோய். கழற்றித் துடைத்து, அதற்குரிய கிரீஸ் தடவினால் நோய் தீரும். மடிப்புக் கூரையில் விழும் மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னுள்ள இரு குழாய்களின் வழியே கீழே வடியவேண்டும். மரத்தடியில் வண்டியை நிறுத்தினால் சருகும் மண்ணும் அக்குழாய்களை அடைக்கும். அடைத்தால் நீர் தங்கும். நீர் தங்கினால் துரு பிடிக்கும். காரணம், காரியம்; காரியம், காரணம். வகுப்பறையில் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதை, இங்கே விரல் நகத்தில் எண்ணெய்க் கறையோடு நாங்களே படித்தோம்.

இந்நாட்டில் மூன்றாண்டைக் கடந்த கார்கள் ஆண்டுக்கொரு முறை கட்டாயச் சோதனைக்குச் செல்லவேண்டும். எம்.ஓ.டி. என்று பெயர், 1960இல் தொடங்கிய முறை. எங்களிடம் வந்த மூன்றாம் ஆண்டில் வண்டி அச்சோதனையில் தோற்றது. கதவுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் பெட்டிச் சட்டத்தில், பின்சக்கரத்தை ஒட்டிய பகுதி துருவேறி ஓட்டையாகிவிட்டது. எங்களுக்கு முந்தைய எவரோ ஒருவர் காலத்தில் குழாய் அடைத்து, நீர் தேங்கி, துரு உள்ளிருந்தே தின்றுகொண்டு வந்திருக்கிறது. வெளியே வண்ணம் வாடவில்லை. உள்ளே வலிமை இல்லை. இருக்கை வார் பூட்டப்பட்டிருக்கும் இடத்துக்கு 30 சென்டிமீட்டருக்குள் அந்த ஓட்டை. மோதல் நேர்ந்தால் உயிரைப் பிடித்து நிறுத்தவேண்டிய வார் அது!

இரு பக்கமும் வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய 850 பவுண்டு என்று கணக்குச் சொன்னார் ஒரு பட்டறைத் தொழிலாளி. கோடை விடுமுறையில் ஊருக்குப் போக நாங்கள் சேர்த்து வைத்திருந்த பணத்தில் பெரும்பகுதி அது.

அப்போது வந்தது வேறோர் ஆலோசனை. வேறு பட்டறைக்காரர் ஒருவர், கண்ணைச் சிமிட்டிக்கொண்டு சொன்னார்: "எதற்கு 850? 100 கொடுங்கள். ஓட்டையில் பட்டி அடைத்து, மேலே கெட்டியாகக் கறுப்புப் பூச்சு பூசித் தருகிறேன். எவனும் கண்டுபிடிக்க மாட்டான். விற்றுவிடுங்கள்."

வாங்குவதற்கு ஆளும் இருந்தான். எங்கள் பள்ளியிலேயே படித்து வெளியேறிய இளைஞன், வயது 19. கடையொன்றில் இரவுப்பணி செய்து பணம் சேர்த்தவன். எங்கள் வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் அவன் கண்கள் விளக்கேற்றிக்கொள்ளும். "விற்பதானால் எனக்குத்தான் சொல்லவேண்டும்" என்று பலமுறை கேட்டவன். எங்கள் சொல்லை அவன் சோதிக்கமாட்டான். ஆசிரியர் சொல் ஆயிற்றே!

தோழர்களே, கறுப்பு நிறத்தின்மீது எங்களுக்கு வெறுப்பு ஏதுமில்லை. ஆனால் எதை மறைக்க அந்தக் கறுப்பு? சாலைக்கு ஒவ்வாத வண்டியை விற்பது இந்நாட்டில் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அது குற்றந்தான். நம்பிக்கை வைத்து வருபவனிடம் பூச்சைக் காட்டிப் பணம் வாங்குவது என்ன தொழில்? சாம்பலைக் கொடுத்துச் செல்வம் வரும் என்பவனும், பட்டியைப் பூசி வலிமை உண்டு என்பவனும் ஒரே கடையின் இரு வியாபாரிகள் அல்லவா? முன்னவனை மேடையில் கண்டிக்கும் நாம், பின்னவனோடு கைகுலுக்கலாமா?

கணக்குப் போட்டோம், அதிக நேரம் ஆகவில்லை. 850 பவுண்டைக் கொடுத்தோம். அந்தக் கோடையில் தஞ்சைக்குப் போகவில்லை. "அடுத்த வருஷம் வாங்கப்பா, வண்டி பத்திரமா இருக்கணும்" என்று தாயார் சொன்னபோது தொண்டை அடைத்தது உண்மை.

வெல்டிங் செய்யும் நாளில் அந்த இளைஞனையும் பட்டறைக்கு அழைத்துச் சென்றோம். வெட்டியெடுத்த பழைய தகட்டை அவன் கையில் கொடுத்தோம். அழுத்தினான், பிஸ்கோத்துப் போல் நொறுங்கியது. அவன் முகம் மாறியது. "வெளியே பார்த்தால் தெரியவே இல்லையே, சார்?" என்றான். தொழிலாளி சிரித்துக்கொண்டே சிறு காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றிக் காட்டினார். இரும்பில் வைத்தார்; ஒட்டிக்கொண்டது. பட்டி பூசிய பழைய கதவொன்றில் வைத்தார், கீழே விழுந்தது. "இரண்டு பவுண்டுக்குக் கிடைக்கும் நீதிபதி இவர். இலஞ்சம் வாங்கமாட்டார்" என்றார்.

அன்றே அவன் ஒரு காந்தம் வாங்கினான். 2005 முதல் ஒவ்வொரு வண்டியும் எம்.ஓ.டி. சோதனையில் பெற்ற முடிவுகளை இணையத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம்; அதையும் கற்றுக்கொண்டான். சில வாரங்கள் கழித்து அவனிடமிருந்து தொலைபேசி வந்தது. சிவப்பு நிறக் கார் ஒன்றைப் பார்க்கப் போனானாம். கண்ணாடி போல் மின்னியதாம். விற்பவர் தேனாகப் பேசினாராம். "காந்தம் மூன்று இடத்தில் விழுந்தது சார், வந்துவிட்டேன்" என்றான். நாங்கள் இத்தனை ஆண்டு பள்ளியில் கேட்ட விடைகளுள் இதைவிடச் சிறந்த விடை இல்லை.

ஆசிரியர்களுக்கு எதற்கு ஸ்போர்ட்ஸ் கார் என்று கேட்பவர்க்கு இப்போது சொல்வோம். காற்று முகத்தில் மோத, வளைந்த சாலையில் கியரை மாற்றிச் செல்வது இன்பம்; அந்த இன்பத்தை உழைத்துப் பெறுவது உரிமை. அதனினும் மேலாக, பளபளப்பு வேறு, பலம் வேறு என்று அது எங்களுக்குக் காட்டுகிறது. பழமை என்பதற்காக எதையும் நாங்கள் தள்ளவில்லை. இருபது ஆண்டுக்கு மேற்பட்ட வண்டியைத்தானே ஓட்டுகிறோம்! பழமை என்பதற்காக எதையும் வணங்கவும் இல்லை. தூக்கி நிறுத்துகிறோம்; அடியில் படுத்துப் பார்க்கிறோம்; தட்டுகிறோம்; துருவேறியதை வெட்டுகிறோம்; உறுதியானதை வைத்துக்கொள்கிறோம்.

நண்பர்களே! வண்டி உங்களிடம் இல்லாமலிருக்கலாம். ஆனால் மின்னும் பொருள்களும் மின்னும் சொற்களும் நாள்தோறும் உங்கள் வாயிலுக்கு வரும். "பல தலைமுறையாக வந்தது" என்பார்கள். "பெரியவர்கள் சொன்னது" என்பார்கள். "தொட்டுப் பார்க்காதே" என்பார்கள். தொடுங்கள்! தட்டுங்கள்! பையில் ஒரு காந்தம் எப்போதும் இருக்கட்டும்.