இது புதைபடிவமா?

லகாட் ஈயக்குட்டை ஓரத்தில் கிடந்த ஒரு கல்லைத் தம்பி மகன் நேற்று கொண்டுவந்தான். வெளிர்சாம்பல் நிறம், மேலே பெரணிச் செடி மாதிரி கறுப்புக் கிளைகள். "பெரியப்பா, இது பாசிலா?" என்று கேட்டான்.

லென்ஸ் வைத்துப் பார்த்தோம். பெரணி என்றால் நடுநரம்பு இருக்கும், இரு பக்கமும் சிற்றிலைகள் ஒழுங்காக அடுக்கியிருக்கும். இதில் நரம்பே இல்லை. கிளைகள் கல்லின் விரிசலிலிருந்து கிளம்பி, போன போக்கில் பிரிந்திருந்தன. தண்ணீரோடு கசிந்து படிந்த மாங்கனீசு தாது இது. பையன் முகம் வாடிவிட்டது.

ஆனால் அவன் தேடியது சரியான மண்ணில்தான். கிந்தா சுண்ணாம்புப் பாறை முழுக்கப் பல கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலடி. கருங்கல் குழம்பின் சூடு அதில் பெரும்பகுதியைப் பளிங்காக்கி, சிப்பித் தடங்களை அழித்துவிட்டது. தப்பியதும் உண்டு. கம்பார் பக்கம் எச்.எஸ்.லீ ஈயச் சுரங்கத்தில் பெர்மியன் காலக் கடலுயிரிகள் கிடைத்தன. தம்புன் அருகே குகையின் ஈயமண்ணில் நீர்யானையின் எச்சம்கூடக் கிடைத்தது. 1960களில் டச்சு ஆய்வாளர் ஹூய்யர் அதைப் பதிவு செய்தார். நம் பேராக்கில் நீர்யானை! எத்தனை பேருக்குத் தெரியும்?

பிள்ளைகள் கல்லோடு வந்தால் தூக்கிப்போடச் சொல்லாதீர்கள். கிடைத்த இடத்தைக் குறித்துவையுங்கள், சுரண்டாதீர்கள், குகைச் சுவரிலிருந்து எதையும் பெயர்க்கவே வேண்டாம். சந்தேகம் இருந்தால் ஈப்போ புவியியல் அருங்காட்சியகத்தில் காட்டிக் கேளுங்கள்.