அந்த அம்மா சொன்ன வரிசை

"வலி ஏறிக்கிட்டே போகும் சார். அப்புறம் தார் மாதிரி கறுப்பா வெளிய போகும். போனதும் வலி நின்னுடும்."

கட்டிலின் கால்மாட்டில் நின்றபடி அந்த அம்மா சொன்னார். நான் கேஸ் ஷீட்டிலிருந்து தலையைத் தூக்காமல் 'கறுப்பு மலம், 4 நாள்' என்று மட்டும் எழுதிக்கொண்டேன். எது முதலில், எது பிறகு என்று அவர் சொன்ன வரிசை தாளில் ஏறவே இல்லை.

அவர் கணவர் லாரி மெக்கானிக். குடியால் கணையம் கெட்டு, ஏற்கெனவே இரண்டு முறை எங்கள் வார்டில் படுத்தவர். குடிக்கிறவர், கறுப்பு மலம் என்றதும் என் புத்தி நேராக இரைப்பைப் புண்ணுக்குப் போய்விட்டது. எண்டோஸ்கோப்பியில் இரைப்பை லேசாகச் சிவந்திருந்தது, அவ்வளவுதான். ஹீமோகுளோபின் 6.8-க்கு இறங்க அந்தச் சிவப்பு போதாது என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஸ்கேனில் கணையத்தின் வால்பகுதி அருகே 3 செ.மீ. நீர்க்கட்டி என்று வந்தது. கணைய அழற்சிக்காரர்களுக்கு அது சகஜம்தானே என்று விட்டுவிட்டேன். இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றி, பான்டோபிரசோல் எழுதிக் கொடுத்து, குடியை விடச் சொல்லிப் பத்து நிமிடம் பிரசங்கமும் செய்து அனுப்பினேன். அந்த அம்மாவுக்கு நான் ஒதுக்கியது இரண்டு நிமிடம்கூட இருக்காது.

ஆறாம் நாள் இரவு ஆட்டோவில் தூக்கி வந்தார்கள். கைலி முழுக்க ரத்தம். நாடி 130, ரத்த அழுத்தம் 80-க்கும் கீழே. அப்போதும் நான் எண்டோஸ்கோப்பிக்குத்தான் ஆள் அனுப்பினேன். பயிற்சி மருத்துவராக இருந்த பெண்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சார், அந்தக் கட்டிக்கு டாப்ளர் போட்டாங்களா?"

போடவில்லை. ரத்த ஓட்டத்தைக் காட்டும் அந்த மெஷினைப் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தோம். 'நீர்க்கட்டி'க்குள் ரத்தம் சிவப்பும் நீலமுமாகச் சுழன்றுகொண்டிருந்தது. முதல் முறை அதை ஊசி குத்தி வடிக்கலாமா என்றுகூட யோசித்திருந்தேன். குத்தியிருந்தால் அந்த மேஜையிலேயே முடிந்திருப்பார்.

கணையத்தின் மேல்விளிம்பை ஒட்டி மண்ணீரலுக்கு ஒரு தமனி ஓடுகிறது. வயிற்று உறுப்புகளுக்குப் போகும் தமனிகளில் அனியூரிசம் அதிகம் வருவது இதில்தான். சாதாரண அனியூரிசம், சைக்கிள் டயர் தேய்ந்த இடத்தில் ட்யூப் பிதுங்குவது போல. பல சமயம் 2, 3 செ.மீ. வரைகூடக் கண்காணித்துக்கொண்டே இருக்கலாம் (பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு இந்தச் சலுகை கிடையாது, கர்ப்பத்தில் வெடித்தால் தாயும் சேயும் தப்புவது அரிது). இவருக்கு வந்தது வேறு. கசிந்த கணையநீர் தமனிச் சுவரையே அரித்துவிட்டது. ட்யூப் ஓட்டையாகி, சுற்றியிருக்கும் சதைதான் ரத்தத்தைப் பிடித்து வைத்திருந்தது. இந்தப் போலி அனியூரிசத்துக்கு அளவு பார்த்துக் காத்திருக்கக் கூடாது.

அந்த ரத்தம் கணையக் குழாய் வழியாகக் குடலில் வடியும். குழாயை ரத்தக்கட்டி அடைத்தால் வலி ஏறும். அடைப்பு விலகி ரத்தம் இறங்கினால் வலி விடும். விட்டு விட்டு வடிவதாலும், குழாயின் வாய் சிறுகுடலின் பக்கச் சுவரில் இருப்பதாலும், நேராகப் பார்க்கும் எண்டோஸ்கோப்பிக்குப் பெரும்பாலும் அகப்படாது. அந்த அம்மா சொன்ன வரிசை அப்படியே பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பரீட்சைக்கு நான் படித்ததுதான்.

ரத்தம் ஏற்றிக்கொண்டே 108-ல் நகரத்து மருத்துவமனைக்குக் கூடவே போனேன். சி.டி. ஆஞ்சியோகிராமில் இடம் தெளிவாகத் தெரிந்தது. தொடைத் தமனி வழியாக மெல்லிய குழாயை ஏற்றி, ஓட்டைக்கு அப்பால் முதலில், பிறகு இப்பால் என்று உலோகச் சுருள்களை வைத்து அடைத்தார்கள். ஒரு பக்கம் மட்டும் அடைத்தால் மறுபக்கத்திலிருந்து ரத்தம் திரும்பி வந்துவிடும். இரைப்பையிலிருந்து போகும் சின்னச் சின்னத் தமனிகள் மண்ணீரலைக் காப்பாற்றிவிட்டன. நாலைந்து நாள் காய்ச்சலும் இடது விலாவில் வலியும் இருந்தன. பிறகு நடந்தே வீட்டுக்குப் போனார்.

போகும் முன் அந்த அம்மாவிடம், முதல் தடவையே நான் கண்டுபிடித்திருக்க வேண்டும், தப்பு என்னுடையது என்றேன். அவர் கோபப்படவில்லை. "அன்னிக்கே சொன்னேனே சார்" என்றார்.

பழைய கேஸ் ஷீட்டில் 'கறுப்பு மலம், 4 நாள்' என்ற வரி என் கையெழுத்தில் அப்படியே இருக்கிறது.