லோயாட் பிளாசாவில் ஒரு பகல்

கோலாலம்பூர்ப் பயணம் என்றால் தோட்டத்து மக்களாகிய நமக்குப் பத்துமலை, மஸ்ஜிட் இந்தியா, பிரிக்பீல்ட்ஸ் ஆகிய மூன்றும்தான் முதலில் நினைவுக்கு வரும். சாமி கும்பிட ஓரிடம், துணி எடுக்க ஓரிடம், வயிறாறச் சாப்பிட ஓரிடம். ஆனால் நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். நான்காவதாக ஒரு பெயரைச் சொல்வார்கள். அதுதான் புக்கிட் பிந்தாங் வட்டாரத்தில் உள்ள லோயாட் பிளாசா.

இந்தப் பேரங்காடி 1999ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. நாடு சுதந்திரம் பெற்ற 1957ஆம் ஆண்டில், அருகிலேயே ஃபெடரல் ஹோட்டலைக் கட்டித் திறந்த லோ யாட் என்பவரின் பெயரையே இது தாங்கி நிற்கிறது. கணினியும் கைப்பேசியும் வாங்க நாடெங்குமிருந்து மக்கள் இங்கே வருகிறார்கள்.

2024ஆம் ஆண்டு மே மாத இறுதியில், பள்ளி விடுமுறையின்போது, எங்கள் தோட்டத்து டிராக்டர் ஓட்டுநர் ஒருவரோடும் அவர் மகனோடும் நான் அங்கே சென்றேன். பையன் எஸ்.பி.எம். எழுதி முடித்தவன். விளையாட்டுக்கு ஏற்ற கணினி ஒன்றைத் தானே பாகம் பாகமாக வாங்கிப் பூட்ட வேண்டும் என்பது அவன் நெடுநாள் ஆசை. தாயார் உதிரிப்பழம் பொறுக்கிய கூலியிலிருந்து சிறுகச் சேர்த்த 2,300 வெள்ளி அவர்கள் கையில் இருந்தது. அப்போது குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,500 வெள்ளி. ஏறக்குறைய ஒன்றரை மாத உழைப்பு. "விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவா?" என்று அந்த அம்மா கேட்டதில் தப்பில்லை.

பயணம்

தஞ்சோங் மாலிமில் கொமுட்டர் ரயில் ஏறினோம். கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பக்கத்துப் பேரங்காடியைக் கடந்து நடந்தால் மோனோரயில் நிலையம். அங்கிருந்து அடுத்த நிறுத்தமே துன் சம்பந்தன் நிலையம்.

அந்தப் பெயரைப் பார்த்ததும் ஓட்டுநர் மகனுக்கு ஒரு பழைய செய்தியைச் சொன்னார். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் நடுத்தெருவில் நின்ற காலத்தில், 1960ஆம் ஆண்டு, துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் 10 வெள்ளியாகச் சேர்த்தே தொழிலாளர்கள் அதில் பங்குதாரர் ஆனார்கள். "உன் தாத்தாவும் அப்படிக் கட்டினவருதான். சேக்குறது பெரிசில்லடா தம்பி, எதுல போடுறோங்கிறதுதான் பெரிசு" என்றார். பையன் பேசாமல் இருந்தான்.

மேலும் மூன்று நிறுத்தங்கள் தாண்டி இம்பி நிலையத்தில் இறங்கி, சாலையைக் கடந்து சிறிது தூரம் நடந்தால் லோயாட் வந்துவிடும்.

தளம் தளமாக

கீழ்த்தளங்களில் கைப்பேசிக் கடைகளே அதிகம். "பாங், அண்ணே, கைப்பேசியா?" என்று கூப்பிடும் குரல்களுக்கு மயங்காமல் மின்படியில் மேலே ஏற வேண்டும். ஏற ஏறக் கணினிக் கடைகள் தென்படும். கடைமுகப்பில் பாகங்களின் பெயரும் விலையும் பொடி எழுத்தில் அச்சடித்த தாள்கள் இருக்கும். அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மூன்று நான்கு கடைகளின் தாள்களை வைத்து ஒப்பிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஒரு கடையில் பையன் நின்றுவிட்டான். கண்ணாடிக் கதவு போட்ட கேசிங். உள்ளே நான்கு விசிறிகள் சிவப்பும் நீலமுமாக ஒளிவிட்டன. தனியாக கிராபிக்ஸ் கார்ட் வேறு. எல்லாம் சேர்த்து 2,250 வெள்ளி. "இதுவே எடுக்கலாம்பா" என்றான்.

அப்பா அவசரப்படவில்லை. "தம்பி, டிராக்டர்ல டயரு தேஞ்சா மாத்திக்கலாம். எண்ணெய் கெட்டுப்போனா எஞ்சினே போயிரும். இதுல அந்த மாதிரி எது?" என்று கேட்டார்.

பையன் யோசித்தான். "பவர் சப்ளைப்பா" என்றான். பிறகு அவனே கடைக்காரரிடம் அதன் பெயரைக் கேட்டான். அந்தப் பெட்டிக்குப் பெயரும் இல்லை, உத்தரவாதச் சீட்டும் இல்லை. கிராபிக்ஸ் கார்ட் பல ஆண்டுகளுக்கு முந்திய ரகம். ரேம் 8 ஜிபி, அதுவும் ஒரே தகடு. காசெல்லாம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் போயிருந்தது. பையன் ஒளிவிசிறிகளை இன்னொரு முறை பார்த்துவிட்டு நகர்ந்தான்.

எதற்கு எவ்வளவு?

பவர் சப்ளை என்பது வீட்டு மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி. அது கெட்டால் மற்ற பாகங்களையும் சேர்த்துக் கெடுக்கக் கூடும். '80 பிளஸ்' என்ற முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதை மட்டுமே சொல்லும். ஆகவே பெயருள்ள தயாரிப்பா, எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பதையும் பார்க்க வேண்டும்.

செயலி, மதர்போர்ட், ரேம் மூன்றும் சம்பந்தி வீட்டார் மாதிரி; ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். டிடிஆர்4 ரேமும் டிடிஆர்5 ரேமும் வெட்டுப்பள்ளம் வேறு வேறு இடத்தில் கொண்டவை. ஒன்றின் இடத்தில் மற்றது நுழையாது. ஏஎம்டி நிறுவனம் 2022இல் கொண்டுவந்த ஏஎம்5 வகைக்கு டிடிஆர்5தான் வேண்டும். அதற்கு முந்திய ஏஎம்4 வகைக்கு டிடிஆர்4 போதும். அன்றைக்கு அதுவே மலிவு.

செயலியின் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்தையும் கவனிக்க வேண்டும். இன்டெல் செயலியில் 'எஃப்' என்று இருந்தால் அதில் படம் காட்டும் பகுதி கிடையாது. தனி கிராபிக்ஸ் கார்ட் வாங்கியே ஆக வேண்டும். பையன் தேர்ந்தெடுத்த ரைசன் 5 5600ஜி செயலியில் அந்தப் பகுதி உள்ளேயே இருக்கிறது. பெரிய விளையாட்டுகளுக்கு அது திணறும்; எளியவற்றுக்குப் போதும். கார்டைப் பின்னால் வாங்கிச் சேர்க்கலாம்.

இப்படிப்பட்ட செயலிக்கு 16 ஜிபி ரேமை ஒரே தகடாக வாங்காமல் 8 ஜிபி தகடுகள் இரண்டாக வாங்குவது நல்லது. ஒரே வண்டியில் குலை ஏற்றுவதற்கும் இரண்டு வண்டிகளில் ஏற்றுவதற்கும் உள்ள வேறுபாடுதான்.

கடைசியில் வந்த கணக்கு ஏறக்குறைய இது: செயலி 580 வெள்ளி, மதர்போர்ட் 390, ரேம் 160, எஸ்.எஸ்.டி. 270, 550 வாட் பவர் சப்ளை 220, சாதாரண கேசிங் 130, திரை 370, விசைப்பலகையும் மவுசும் 60. மொத்தம் 2,180 வெள்ளி. மிச்சம் 120 வெள்ளி சாப்பாட்டுக்கும் ரயிலுக்கும்.

இந்த விலைகள் அன்றைய விலைகள். 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாங்கிக் குவித்ததால் ரேம் விலை மளமளவென்று ஏறியது. ஆகவே புறப்படுமுன் புதிய விலையை விசாரித்துக்கொள்ளுங்கள்.

லயத்தில் பூட்டியது

கடையில் பூட்டித் தருவதாகச் சொன்னார்கள், பையன் மறுத்துவிட்டான். மறுநாள் சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஏஎம்4 செயலியின் அடியில் 1,331 ஊசிக்கால்கள் உண்டு. முக்கோணக் குறியைப் பார்த்து வைத்தால் தானே இறங்கும், அழுத்தக் கூடாது. அம்மா சமையலை விட்டுவிட்டு வந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். மாலையில் திரை ஒளிர்ந்தபோது, "அவ்வளவுதானா? இத நீயேவா செஞ்ச?" என்றார். விளையாட்டுச் சாமான் என்ற பேச்சு அதன்பின் எழவில்லை.

2025 தீபாவளிக்கு முன் தன் பகுதிநேர வேலைக் காசில் ரேடியான் ஆர்எக்ஸ் 6600 கார்டை அவன் வாங்கிச் சேர்த்தான். அது 132 வாட் எடுக்கக் கூடியது. முதல் நாளே நல்ல பவர் சப்ளை வாங்கியதால் வேறு எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. இடி இடித்தால் மட்டும் அப்பா ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கிவிடுவார். நம் நாட்டு மின்னலுக்கு அது சரியான மருந்துதான்.

செல்வோர் கவனத்திற்கு

மிகக் காலையில் போனால் பல கடைகள் திறந்திருக்கா. வேண்டிய பாகங்களை வீட்டிலேயே தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள். முத்திரை உடைந்த பெட்டியை ஏற்காதீர்கள். சுவரில் செருகும் கம்பியில் சிரிம் முத்திரை இருக்கட்டும். ஒவ்வொரு பாகமும் தனித்தனியே எழுதப்பட்ட ரசீதைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஏமாற்றப்பட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 5 வெள்ளி கட்டணத்தில் 50,000 வெள்ளி வரையிலான வழக்கை வழக்கறிஞர் இல்லாமலே தொடுக்கலாம்.

இன்டெல் நிறுவனம் 1972இலேயே பினாங்கில் தொழிற்சாலை திறந்தது. இத்தகைய சில்லுகளைப் பொருத்தும் வேலை நம் நாட்டில் அரை நூற்றாண்டாக நடக்கிறது. அந்த வேலையின் ஒரு சிறு பகுதி நம் பிள்ளையின் கையாலும் நடக்கட்டுமே. கூடவே போங்கள். கணினி தெரியாவிட்டாலும் கேள்வி கேட்க நமக்குத் தெரியும்.