பட்டாணியும் என் பழைய வேடிக்கையும்

சென்ற ஆண்டுப் பங்குத் திருவிழாவின் இறுதி நாள். அசனம் முடிந்து, பந்தலின் ஓரத்தில் நாற்காலியொன்றில் அமர்ந்திருந்தேன். நடுத்தர வயதுடைய ஒருவர் மூச்சு வாங்க நடந்து வந்து கைகூப்பினார். "சார், என்னைத் தெரிகிறதா? 1998இல் மேல்நிலை வகுப்பில் உங்களிடம் உயிரியல் படித்தேன்" என்றார். கண்களை உற்று நோக்கிய பிறகே அடையாளம் புரிந்தது. கடைசி வரிசையில் அமர்ந்திருந்த கொழுகொழுப் பையன். இன்று அவனுக்குச் சொந்தமாக ஒரு மளிகைக்கடை இருக்கிறது, மனைவி இருக்கிறாள், எட்டாம் வகுப்பில் படிக்கும் மகன் இருக்கிறான், சட்டைப்பையில் சர்க்கரை நோய்க்கான மாத்திரையும் இருக்கிறது. இடுப்புச் சுற்றளவு 104 சென்டிமீட்டர் என்று மருத்துவர் அளந்து சொன்னாராம். நம் நாட்டு ஆண்களுக்கு 90-ஐத் தாண்டினாலே எச்சரிக்கை என்பது மருத்துவர்களின் கணக்கு.

முதியவர்களுக்கே உரிய பழக்கத்தால், "உணவைச் சற்றுக் கவனிக்கலாகாதா, தம்பி?" என்றேன்.

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "கவனித்து என்ன சார் ஆகப்போகிறது? என் அப்பாவும் இப்படித்தான். 'இது பரம்பரை வாகு. சந்தேகம் இருந்தால் பட்டாணியைக் கேளுங்கள்' என்று நீங்களே அன்று வகுப்பில் சொன்னீர்களே!"

அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. பழைய ஆசிரியரைக் கண்ட மகிழ்ச்சியில் அவருடைய வேடிக்கைப் பேச்சையே திருப்பிச் சொன்னான், அவ்வளவுதான். ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அந்த வேடிக்கை என்னுடையதுதான். முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆசிரியப் பணியில் இருந்தேன். மெண்டலின் விதிகளைக் கற்பிக்கும் நாளில் என் தொந்தியைத் தட்டிக்காட்டி அந்த வாக்கியத்தைச் சொல்வது வழக்கம். வகுப்பு கொல்லென்று சிரிக்கும். என் தந்தை பருத்த உடலினர், நானும் அப்படியே. பாடத்திற்கு இதைவிட எளிய சான்று ஏது என்று எண்ணியிருந்தேன்.

மெண்டல் அகுஸ்தினார் சபைத் துறவி என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். 1856 முதல் 1863 வரை பிர்னோ நகர மடத்தின் தோட்டத்தில் பல்லாயிரம் பட்டாணிச் செடிகளை வளர்த்து, நெட்டை, குட்டை, மஞ்சள், பச்சை எனக் கணக்கெடுத்தவர். வேடிக்கை என்னவென்றால், அவரும் பருத்த உடலினரே. உடல் எடை கூடியதால் செடி தேடி நெடுந்தூரம் நடப்பது கடினமாகிவிட்டது என்று 1867இல் தாவரவியல் அறிஞர் நேகெலிக்கு அவரே எழுதியிருக்கிறார். இதை முன்னமே அறிந்திருந்தால் வகுப்பில் இன்னும் உரக்கச் சிரித்திருப்போம்.

பட்டாணியின் நிறத்துக்கு ஒரு மரபணு போதும். மனிதனின் இடுப்பளவுக்கு ஒன்று போதாது. நூற்றுக்கணக்கானவை அதில் பங்கு கொள்கின்றன. அதைவிட முக்கியமான ஒன்றை நான் பாடத்தில் விட்டுவிட்டேன். விட்டேன் என்று கூடச் சொல்வதற்கில்லை. கற்பித்தேன், ஆனால் வேறோர் அதிகாரத்தில், கிருமிகளின் பாடமாக மட்டும்.

பாரிஸ் நகரத்தில் ஃபிரான்சுவா ழக்கோப், ழாக் மொனோ என்னும் இரு அறிஞர்கள் ஈ. கோலி என்ற குடல் நுண்ணுயிரை ஆராய்ந்தார்கள். பாற்சர்க்கரையைச் செரிப்பதற்கான மரபணுக்கள் அதனிடம் எப்போதும் உண்டு. ஆனால் பாற்சர்க்கரை கிடைக்கும்போதுதான் அவை முழுவீச்சில் வேலை செய்கின்றன. மற்ற நேரங்களில் ஏறத்தாழ அடங்கிக் கிடக்கின்றன. உண்ணும் பொருளே மரபணுவை எழுப்புகிறது! ஆந்த்ரே லுவோஃப் என்பவருடன் இவ்விருவரும் 1965இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இதைத் தேர்வுக்கு ஐந்து மதிப்பெண் வினாவாகப் பல முறை கேட்டிருக்கிறேன். என் தொந்திக்கும் இதற்கும் தொடர்பு உண்டென்று ஒருமுறையும் நினைத்துப் பார்த்ததில்லை.

மனித உடலில் புரதங்களை உண்டாக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 உள்ளன. கண்ணில் உள்ள உயிரணுவிலும் ஈரலில் உள்ள உயிரணுவிலும் இருப்பது ஒரே தொகுதிதான். எதை எழுப்புவது, எதை உறங்கவிடுவது என்பதில்தான் வேறுபாடு. நாம் வயிறாரச் சோறு உண்டவுடன் இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது, இன்சுலின் சுரக்கிறது. சர்க்கரையும் இன்சுலினும் சேர்ந்து ஈரலில் சில புரதங்களைத் தூண்டுகின்றன. அப்புரதங்கள் டி.என்.ஏ. இழையில் குறித்த இடங்களில் சென்று பற்றிக்கொண்டு, கொழுப்பை உருவாக்கும் மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன. பட்டினி நேரத்திலோ, சேமித்த கொழுப்பிலிருந்து வெளிவரும் அமிலங்கள் வேறொரு புரதத்துடன் இணைந்து, கொழுப்பை எரிக்கும் மரபணுக்களை எழுப்புகின்றன. மரபணுவின் எழுத்துகளில் ஒன்றுகூட மாறுவதில்லை. மாறுவது வாசிக்கும் அளவு. (ஒருசந்தி இருந்துவிட்டு மாலையில் அதற்கும் சேர்த்து உண்ணும் என் போன்றோரின் ஈரல் என்ன பாடுபடுமோ!)

பருத்த உடலினரிடம் இதை நேரடியாகச் சோதித்தவர்கள் இருக்கிறார்கள். ஃபின்லாந்தில் நடந்த ஆய்வொன்று 2007இல் வெளிவந்தது. வயிற்றுப் பருமனும் சர்க்கரைக் கோளாறும் சேர்ந்திருந்தவர்களை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் ரை என்னும் தானியத்தின் ரொட்டியும் பாஸ்தாவும் உண்டார்கள். இவை உணவுக்குப் பின் இன்சுலினை மிகுதியாகத் தூண்டாதவை. மற்றவர்கள் ஓட்ஸ், கோதுமை ரொட்டி, உருளைக்கிழங்கு ஆகியவற்றை உண்டார்கள். 12 வாரம் கழித்து, வயிற்றுத் தோலுக்கடியிலுள்ள கொழுப்பில் சிறு துணுக்கை எடுத்துப் பார்த்தபோது, முதற்பிரிவில் 71 மரபணுக்களின் செயல் தணிந்திருந்தது. மற்றதில் 62 மரபணுக்களின் செயல் கூடியிருந்தது. உடலின் நெருக்கடிக்கும் அழற்சிக்கும் தொடர்புடையவை அவற்றில் இருந்தன. இத்தனைக்கும் எவருடைய எடையும் குறையவில்லை. தராசு ஒன்றும் சொல்லாதபோதே உள்ளே மாற்றம் தொடங்கிவிட்டது.

2009இல் நெதர்லாந்திலிருந்து வந்த ஆய்வும் அவ்வாறே. வயிறு பருத்த 20 பேருக்கு எட்டு வாரம் உணவளித்தார்கள். சிலருக்கு வெண்ணெய், இறைச்சி ஆகியவற்றில் மிகுந்துள்ள செறிவுற்ற கொழுப்பு. சிலருக்கு ஒலிவ எண்ணெயிலும் நம் கடலை எண்ணெயிலும் மிகுந்துள்ள வகைக் கொழுப்பு. முதல் வகை உண்டவர்களின் கொழுப்புத் திசுவில் அழற்சி மரபணுக்கள் கிளர்ந்தன. இரண்டாம் வகையில் அந்தப் போக்கு தணிந்தது. இருபது பேர் மிகச் சிறிய கூட்டம்தான். இதைக் கொண்டு எந்த எண்ணெய்க்கும் நான் சிபாரிசுக் கடிதம் எழுத மாட்டேன்.

அதற்காக மரபு பொய் என்று சொல்லிவிட முடியாது. எஃப்.டி.ஓ. என்னும் மரபணுவுக்கும் உடல் எடைக்கும் உள்ள தொடர்பை 2007இல் அறிவித்தார்கள். அதன் எடை கூட்டும் வடிவத்தைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்கள், பெறாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதல் எடையுடன் இருக்கிறார்கள். மூன்று கிலோ! என் மாணவன் சுமப்பது முப்பதுக்கும் மேல். மீதியையும் பட்டாணியின் தலையில் அல்லவா கட்டியிருந்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எச்சிலை அனுப்பினால் உங்கள் மரபணுவுக்கேற்ற உணவுப் பட்டியல் தருகிறோம் என்று விளம்பரங்கள் வருகின்றன. பணத்தை வீணாக்க வேண்டாம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எடை கூடிய 609 பேரை ஓராண்டு கவனித்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இழந்தார்கள். மரபணு வகையைப் பார்த்து இன்னாருக்கு இன்ன உணவு என்று பிரித்ததனால் எந்தப் பயனும் காணப்படவில்லை.

இவற்றையெல்லாம் படித்துத் தெளிய எனக்குச் சில வாரங்கள் ஆயின. மகள் உதவினாள். பிறகு ஒரு மாலையில் அவனுடைய கடைக்குச் சென்றேன். வாடிக்கையாளர் குறைந்த நேரம் பார்த்து, "தம்பி, அன்று நான் சொன்னது பாதிப் பாடம். மீதியைச் சொல்ல வந்திருக்கிறேன்" என்றேன். அவன் பதறி எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான். நான் சொல்லச் சொல்ல, கடைசி வரிசையில் ஒருநாளும் காணாத கவனத்தோடு கேட்டான். மாத்திரையை நீயாக நிறுத்திவிடாதே, மருத்துவரைக் கேட்டே எதையும் செய் என்பதையும் இருமுறை சொன்னேன்.

நெடுநேரம் பேசாதிருந்தான். பின்பு தன்னைப் பற்றி எதுவும் கேளாமல், கல்லாவுக்கு அருகில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகனைக் காட்டி, "அப்படியானால் இவனும் என்னைப்போல் ஆக வேண்டும் என்பதில்லையா, சார்?" என்றான்.

"இல்லை" என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் நடந்திருந்தேன் போலும்.

பையன் தலை நிமிர்ந்து எங்கள் இருவரின் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தான். பத்தாம் வகுப்பில் மெண்டல் பாடம் வரும். அப்போது அவனை என்னிடம் அனுப்பு என்று சொல்லிவிட்டு எழுந்தேன். தேநீர் வந்தது. இருவரும் சர்க்கரையில்லாமல் குடித்தோம். நன்றாகவே இல்லை.